அச்சைப் பார், பிறகு அறு: சுழற்றிக் கிடைக்கும் கனஅளவுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ கணிதத் தேர்வில் கனஅளவுக் கணக்கு ஒன்று வந்தது: ஒரு பகுதியை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உருவாகும் திடப்பொருளின் கனஅளவைக் கண்டுபிடிப்பது. ஐந்து மதிப்பெண், எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. எழுதி முடித்து, வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றுகொண்டே ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊரான தங்கச்சிமடம் வந்து சேர்ந்தேன். பிறகு விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால் ஐந்துக்கு இரண்டு. தொகையிடலில் ஒரு பிழையும் இல்லை. கேள்வி ஒய் அச்சைப் பொருத்துச் சுழற்றச் சொல்லியிருக்கிறது, நான் எக்ஸ் அச்சைப் பொருத்துச் சுழற்றியிருக்கிறேன். அதாவது வேறு ஏதோ ஒரு பாத்திரத்தின் கொள்ளளவை மிகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன்!

கல்லூரியில் அதே பாடம் திரும்ப வந்தது, திரும்பவும் சறுக்கினேன். இப்போது சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறார்கள். மூன்று பேரும் நான் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ் வழியில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கும், கல்லூரியிலோ டிப்ளமோவிலோ முதலாண்டில் இதே பாடத்தில் திணறுபவர்களுக்கும் இது போதும்.

எக்ஸின் அடுக்குகளைத் தொகையிடவும், நேர்கோடு, வட்டம், பரவளையம் மூன்றையும் கையால் வரையவும் தெரிந்திருக்க வேண்டும். அது வராவிட்டால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் இரண்டு குழப்பம் ஒன்றாகச் சேரும்.

1. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்

பிளஸ் டூ கணிதப் புத்தகம், தொகுதி 2. ஒன்பதாவது பாடம், தொகையிடலின் பயன்பாடுகள். அதன் கடைசிப் பகுதிதான் நமக்கு வேண்டியது, பயிற்சி 9.9. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இலவசமாகவே வந்துவிடும். தொலைத்துவிட்டால் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் காசில்லாமல் கிடைக்கிறது. முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுக்காதீர்கள். இந்தப் பகுதி சில பக்கங்கள்தான், ஜெராக்ஸ் கடையில் அதை மட்டும் கேளுங்கள்.

கோடு போடாத நோட்டு ஒன்று. பென்சில், அழிப்பான், காம்பஸ். மூன்று முழம் நூல், தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பு, ஒரு வெள்ளரிக்காய். எல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாயைத் தாண்டாது.

தாண்டுவது எதில் என்றால் கைடில். நான் இரண்டு கைடு வாங்கினேன். இரண்டிலும் சூத்திரம் பெட்டி கட்டிப் போட்டிருந்தது. படம்தான் இல்லை. இந்தப் பாடத்தில் படம் இல்லாத கைடு வலை இல்லாத வள்ளம் மாதிரி, போய்விட்டு வரலாம், மீன் வராது.

காலம்: தினமும் ஒரு மணி நேரம், பத்து நாள். முதல் மூன்று நாள் ஒரு கணக்கையும் தொகையிடக் கூடாது. படம் மட்டும் போட வேண்டும். பிள்ளைகள் மூவரும் இதற்குத்தான் என்னோடு சண்டை போட்டார்கள். நான்காம் நாள் முதல் சண்டை இல்லை.

2. கத்தியை எடுங்கள்

கரையில் சீலா மீன் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே வெட்ட வெட்ட, வட்டத் துண்டுகளாக விழும். வயிற்றுப் பக்கம் பெரிய துண்டு, வால் பக்கம் போகப் போகச் சின்னத் துண்டு. எல்லாத் துண்டின் கனஅளவையும் கூட்டினால் மீனின் கனஅளவு. பாடம் மொத்தமே இவ்வளவுதான். (உண்மையில் சீலாத் துண்டு முழு வட்டம் இல்லை, கொஞ்சம் நீள்வட்டம். அதனால் கணக்குக்கு வெள்ளரிக்காய்தான் யோக்கியம். ஆனால் மனதில் நிற்பது மீன்தான்.)

ஒரு துண்டை எடுங்கள். அது ஒரு மெல்லிய உருளை. அதன் முகப்பு வட்டம், பரப்பு பை × ஆரம்². அதன் தடிமன் மிகச் சிறியது, அதற்கு டிஎக்ஸ் என்று பெயர். எக்ஸ் அச்சைச் சுற்றி ஒரு வளைவரையைச் சுழற்றினால், அச்சிலிருந்து வளைவரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அந்தத் துண்டின் ஆரம். அந்த உயரம் ஒய். ஆகவே:

கனஅளவு = பை × ∫ ஒய்² டிஎக்ஸ்

வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, துண்டின் முகப்பு வட்டம் என்பதால் வந்தது. பரப்புக் கணக்கில் ஒய் மட்டும், கனஅளவுக் கணக்கில் ஒய்² என்று உருப்போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் கத்தியை எடுக்காதவர்கள்.

வெள்ளரிக்காயை நிஜமாகவே வெட்டுங்கள். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதன் ஆரம் எது, தடிமன் எது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் உப்புத் தொட்டுத் தின்றுவிடலாம்.

3. எழுதும் முன் நான்கு கேள்வி

ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தின் ஓரத்தில் இந்த நான்கையும் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

எந்த அச்சைச் சுற்றிச் சுழல்கிறது? அதற்குக் குறுக்கே வெட்டினால் துண்டின் தடிமன் எந்தத் திசையில் இருக்கிறது? துண்டின் ஆரம் என்ன? முதல் துண்டு எங்கே, கடைசித் துண்டு எங்கே?

முதல் கேள்வியை நான் எழுதியிருந்தால் அன்றைக்கு மூன்று மதிப்பெண் போயிருக்காது. கேள்வித்தாளில் அச்சின் பெயரைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

4. சிரட்டைக் கருப்பட்டி: எல்லையில் விழும் பள்ளம்

சாயல்குடிப் பக்கம் பதனீரைக் காய்ச்சி, பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பார்கள். அந்தச் சிரட்டை, கோளத்தின் ஒரு முனையைச் சீவி எடுத்த மாதிரி இருக்கும். கோளத்தின் ஆரம் 6 செ.மீ., சிரட்டையின் ஆழம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பாகு பிடிக்கும்?

வட்டத்தின் மையத்தை ஆதியில் வையுங்கள். வட்டத்தின் சமன்பாடு எக்ஸ்² + ஒய்² = 36, எனவே ஒய்² = 36 − எக்ஸ்². எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்றுகிறோம். இதுவரை எல்லோரும் சரியாக வருவார்கள்.

இப்போது எல்லை. ஆழம் 4 என்று பார்த்ததும் கை தானாக ‘0 முதல் 4 வரை’ என்று எழுதும். தப்பு. 0 என்பது கோளத்தின் நடுவயிறு. அங்கிருந்து 4 செ.மீ. எடுத்தால் கிடைப்பது கோளத்தின் நடுத்துண்டம், சிரட்டை இல்லை. சிரட்டையின் அடி கோளத்தின் முனையில், எக்ஸ் = 6 இல் இருக்கிறது. அதிலிருந்து 4 செ.மீ. உள்ளே வந்தால் வாய், எக்ஸ் = 2. ஆகவே எல்லை 2 முதல் 6 வரை.

பை × [36 × 4 − (216 − 8) ÷ 3] = பை × 74.67, அதாவது சுமார் 234.6 கன செ.மீ.

தப்பான எல்லையைப் போட்டால் 385 கன செ.மீ. வரும். அந்த விடையைப் பார்த்துச் சந்தேகம்கூட வராது, ஏனென்றால் அதுவும் பார்க்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தில் நம்மைக் காப்பாற்றுவது படம் ஒன்றுதான். சுழற்றும் பகுதியைப் பென்சிலால் நிழலடித்துவிட்டு, அந்த நிழல் இடது பக்கம் எங்கே தொடங்குகிறது, வலது பக்கம் எங்கே முடிகிறது என்று படத்திலிருந்து எடுக்க வேண்டும், கேள்வியின் வாக்கியத்திலிருந்து அல்ல.

5. உப்பு அம்பாரம்: சாய்வா, உயரமா

வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களில் வாரிக் குவித்த உப்பைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் குவியல்கள் கூம்பு மாதிரி நிற்கும். ஒரு நேர்கோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கூம்பு. கோடு ஒய் = (ஆரம் ÷ உயரம்) × எக்ஸ். சூத்திரத்தில் போட்டுத் தொகையிட்டால் பத்தாம் வகுப்பிலிருந்தே யாரோ சொல்லிக்கொண்டிருந்த அந்த ‘மூன்றில் ஒன்று’ கண்முன்னே வந்து நிற்கும். எக்ஸ்² ஐத் தொகையிட்டால் எக்ஸ்³ ÷ 3, அந்த மூன்றுதான்.

அம்பாரத்தை நிஜமாக அளக்கப் போனால்தான் வம்பு. அடிச் சுற்றளவைக் கயிற்றால் எடுத்துவிடலாம், 17.6 மீட்டர் என்று வைப்போம். பை 22/7 என்றால் ஆரம் 2.8 மீட்டர். உயரத்தை எப்படி எடுப்பது? உப்புக்குள் கோல் இறக்க முடியாது. எல்லோரும் டேப்பைச் சரிவின்மேல் போட்டு உச்சி வரை இழுப்பார்கள், 3.5 மீட்டர் வரும். அது சாயுயரம். நமக்கு வேண்டியது செங்குத்து உயரம். 3.5² − 2.8² = 4.41, அதன் வர்க்கமூலம் 2.1 மீட்டர்.

சரியான விடை: 22/7 × 2.8² × 2.1 ÷ 3 = 17.25 கன மீட்டர். சாயுயரத்தைப் போட்டால் 28.75. பதினொன்றரை கன மீட்டர் உப்பு காகிதத்தில் மட்டும் முளைத்துவிடும். வியாபாரத்தில் இது அடிதடி வரை போகும்.

6. நடுவில் ஓட்டை இருந்தால்

கீழக்கரைச் சங்கை அறுத்து வளையல் செய்வது தெரியும்தானே? குறுக்கே அறுத்த வளையத்தில் வெளி ஆரம் ஒன்று, உள் ஆரம் ஒன்று. இரண்டு வளைவரைகளுக்கு நடுவே உள்ள பகுதியைச் சுழற்றும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு வளையல்தான். வளையலின் முகப்பு = வெளி வட்டம் − உள் வட்டம். எனவே:

கனஅளவு = பை × ∫ (வெளி ஆரம்² − உள் ஆரம்²) டிஎக்ஸ்

இந்த இடத்தில் நூற்றுக்கு எண்பது பேர் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை, ஆனால் என்னிடம் வந்த மூன்று பேரில் மூன்று பேரும் (வெளி ஆரம் − உள் ஆரம்)² என்று எழுதினார்கள். கழித்துவிட்டு வர்க்கம் எடுப்பது வேறு, வர்க்கம் எடுத்துவிட்டுக் கழிப்பது வேறு. எவ்வளவு வேறு என்று பார்ப்போம்.

ஒய் = √எக்ஸ், ஒய் = எக்ஸ் ÷ 2 என்ற இரண்டுக்கும் இடையில் உள்ள பகுதி. இரண்டும் 0 இலும் 4 இலும் வெட்டிக்கொள்கின்றன. நடுவில் எக்ஸ் = 1 போட்டுப் பார்த்தால் √எக்ஸ் மேலே இருக்கிறது, எனவே அதுதான் வெளி ஆரம். எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்றினால்:

பை × ∫ (எக்ஸ் − எக்ஸ்² ÷ 4) டிஎக்ஸ், 0 முதல் 4 வரை = பை × (8 − 16/3) = 8பை/3

கழித்துவிட்டு வர்க்கம் எடுத்தவர்களுக்கு 8பை/15 வரும். சரியான விடையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

வலையில் கட்டும் மிதவை உருண்டையையும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம். கோள வடிவம், ஆரம் 5 செ.மீ., கயிறு போக நடுவில் 3 செ.மீ. ஆரமுள்ள துளை என்று கொள்ளுங்கள் (நிஜத்தில் துளை இன்னும் சிறியது, எண் அழகாக வரட்டும் என்று பெரிதாக்கினேன்). வெளி ஆரம்² = 25 − எக்ஸ்², உள் ஆரம்² = 9. எல்லை −5 முதல் 5 வரை அல்ல! துளை போட்டதும் இரண்டு முனையிலும் இருந்த மூடி போய்விட்டது. 25 − எக்ஸ்² = 9 என்ற இடத்தில்தான் மிச்சமிருக்கும் பொருள் தொடங்குகிறது, அதாவது −4 முதல் 4 வரை. விடை சுமார் 268 கன செ.மீ. முழுக்க அமிழ்த்தினால் அது விலக்கும் கடல்நீரின் எடை சுமார் 275 கிராம். மிதவையின் சொந்த எடையைக் கழித்தால் அது எவ்வளவு வலையைத் தாங்கும் என்று தெரிந்துவிடும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். “ஏ புள்ள, அதைக் கையில தூக்கிப் பார்த்தாலே தெரியுமே” என்றார்.

7. ஒய் அச்சு வந்தால்

என் மூன்று மதிப்பெண் போன இடம் இது. கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றினால், கத்தியும் ஒய் அச்சுக்குக் குறுக்கே போக வேண்டும். துண்டுகள் இப்போது தோசை அடுக்கிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். தடிமன் மேல்நோக்கி இருப்பதால் டிஒய். ஆரம் ஒய் அச்சிலிருந்து பக்கவாட்டில் உள்ள தூரம், எனவே எக்ஸ். சூத்திரம் பை × ∫ எக்ஸ்² டிஒய். எல்லைகளும் ஒய் மதிப்பில்தான் இருக்க வேண்டும்.

மூன்று மாற்றம்: ஆரம், தடிமன், எல்லை. மூன்றும் ஒன்றாக மாற வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டை மாற்றிவிட்டு எல்லையைப் பழையபடியே விட்டுவிடுவார்கள்.

அதே பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒய் = √எக்ஸ் என்பதை எக்ஸ் = ஒய்² என்றும், ஒய் = எக்ஸ் ÷ 2 என்பதை எக்ஸ் = 2ஒய் என்றும் திருப்பி எழுதுங்கள். எல்லை 0 முதல் 4 அல்ல, 0 முதல் 2. இன்னொன்றையும் கவனியுங்கள்: போன கணக்கில் வெளியே இருந்த √எக்ஸ் இப்போது உள்ளே போய்விட்டது. ஒய் = 1 போட்டால் எக்ஸ் = 1, எக்ஸ் = 2. ஆக வெளி ஆரம் 2ஒய்.

பை × ∫ (4ஒய்² − ஒய்⁴) டிஒய், 0 முதல் 2 வரை = பை × (32/3 − 32/5) = 64பை/15

ஒரே பகுதி, இரண்டு அச்சு. ஒன்றில் 8பை/3, இன்னொன்றில் 64பை/15. எந்த அச்சாக இருந்தால் என்ன என்று நினைத்த எனக்கு இந்த இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி. பள்ளித் தேர்வில் இதை எழுத வேண்டாம், ரஃப் பக்கத்தில் மட்டும் போடுங்கள். கல்லூரிக்காரர்கள் தாராளமாக எழுதலாம். பனங்கிழங்கைத் தோல் தோலாக உரிப்பது போல, ஒய் அச்சைச் சுற்றி மெல்லிய குழாய் குழாயாக உரித்துக் கூட்டுவது. ஒரு குழாயை நறுக்கி விரித்தால் செவ்வகத் தகடு: நீளம் 2 × பை × எக்ஸ், உயரம் இரு வளைவரைகளின் வித்தியாசம், தடிமன் டிஎக்ஸ்.

2 × பை × ∫ எக்ஸ் (√எக்ஸ் − எக்ஸ் ÷ 2) டிஎக்ஸ், 0 முதல் 4 வரை = 2பை × (64/5 − 32/3) = 64பை/15

அதே விடை. இரண்டு வழியில் ஒரே எண் வந்தால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம். இந்த வழியில் எல்லை எக்ஸிலேயே இருக்கும், வர்க்கமும் வராது. இரண்டு சூத்திரத்தையும் கலந்து, பை × எக்ஸ்² ஐ டிஎக்ஸ் போட்டுத் தொகையிடுவது புதிதாகக் கற்றவர்கள் செய்யும் தனிப் பிழை. தோசையா, தோலா என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள்.

8. அச்சு நகர்ந்தால் (கல்லூரிக்காரர்களுக்கு)

ஒய் = −1 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்று என்று கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆரம் என்பது அச்சிலிருந்து உள்ள தூரம், அச்சு ஒன்று கீழே இறங்கினால் இரண்டு ஆரமும் ஒன்று கூடும். வெளி ஆரம் √எக்ஸ் + 1, உள் ஆரம் எக்ஸ் ÷ 2 + 1. வர்க்கம் எடுத்துக் கழித்தால் விடை 16பை/3.

முழுப் பகுதியும் அச்சின் ஒரே பக்கத்தில் இருந்தால் பாப்பஸ் தேற்றம் கைகொடுக்கும்: கனஅளவு = பகுதியின் பரப்பு × அதன் வடிவமையம் (அந்த வடிவத்தை அட்டையில் வெட்டினால் விரல் நுனியில் சாயாமல் நிற்கும் புள்ளி) சுற்றிவரும் தூரம். படகில் தொங்கும் உயிர்காப்பு வளையத்தை இதை வைத்து அரை நிமிடத்தில் முடிக்கலாம். வளையத்தின் குறுக்குவெட்டு 7.5 செ.மீ. ஆரமுள்ள வட்டம், நடுவிலிருந்து அந்த வட்டத்தின் மையம் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால்: பை × 7.5² × 2 × பை × 30 = சுமார் 33,300 கன செ.மீ., அதாவது 33 லிட்டர். இதையே வளையல் முறையில் போட்டால் ஒரு பக்கம் போகும்.

9. நிஜப் பானையை அளப்பது

இது பிளஸ் டூ கணிதத் தாளில் வராது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பாடம் எனக்குப் பிடிபட்டது இதில்தான். குடிதண்ணீரைக் குடக் கணக்கில் வாங்கிப் பழகிய ஊரில் ஒரு பானை எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது வீட்டுக் கேள்வி. பானைக்குச் சமன்பாடு கிடையாது. ஆனால் சக்கரத்தில் சுழற்றிச் செய்ததுதானே, எங்கே வெட்டினாலும் வட்டம்தான்.

எங்கள் வீட்டில் ஒரு மானாமதுரைப் பானை இருக்கிறது. உயரம் 24 செ.மீ. அதை நான்கு சம பாகமாக்கி, 0, 6, 12, 18, 24 செ.மீ. உயரங்களில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டிலும் நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்தேன்: 33, 77, 88, 66, 33 செ.மீ. வட்டத்தின் பரப்பு = சுற்றளவு² ÷ (4 × பை). இனி சிம்சன் விதி, அதாவது சமன்பாடு இல்லாமல் அளந்த பரப்புகளை வைத்தே தொகையிடும் வழி. கோடுகளை 0 இலிருந்து எண்ணுங்கள்: முதலும் கடைசியும் ஒரு பங்கு, ஒற்றைப்படை இடங்கள் (77, 66 வந்த கோடுகள்) நான்கு பங்கு, நடுவில் உள்ள இரட்டைப்படை இடம் (88 வந்த கோடு) இரண்டு பங்கு. எல்லாம் கூட்டி, இடைவெளி 6 ஐ மூன்றால் வகுத்துப் பெருக்க வேண்டும். பாகங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இதை மறந்து ஐந்து பாகம் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

விடை 9.36 லிட்டர். லிட்டர் படியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எட்டு லிட்டர் சில்லறையிலேயே விளிம்பு தொட்டுவிட்டது. ஒரு லிட்டருக்கு மேல் எங்கே போயிற்று?

நூல் சுற்றியது வெளிப்பக்கம். மண்பானையின் சுவர் 0.7 செ.மீ. கனம். ஒவ்வொரு சுற்றளவிலும் 2 × பை × 0.7, அதாவது 4.4 செ.மீ. கழித்து மறுபடி போட்டேன், அடித்தளத்தின் கனத்தையும் கழித்தேன். 8.2 லிட்டர். பிளாஸ்டிக் குடத்துக்கு இந்தத் திருத்தம் தேவைப்படாது, சுவர் மெல்லியது. மண்பானைக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் கட்டாயம் வேண்டும்.

அலகு: கன செ.மீட்டரை 1000 ஆல் வகுத்தால் லிட்டர். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர்.

10. தேர்வு அறையில்

90 மதிப்பெண், 3 மணி நேரம். மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். ஐந்து மதிப்பெண் கணக்குக்கு 10 நிமிடம், அதில் முதல் 3 நிமிடம் படத்துக்கும் நான்கு கேள்விக்கும். படத்தில் அச்சின் பெயர், வெட்டும் புள்ளிகள், நிழலடித்த பகுதி மூன்றும் இருக்கட்டும். பையைப் பெருக்கி தசமத்தில் எழுதி நேரத்தைக் கரைக்க வேண்டாம், கேட்டால் தவிர. ‘கன அலகுகள்’ என்று எழுத மறக்காதீர்கள். விடை எதிர்மறையாக வந்தால் எல்லையையோ வெளி, உள் ஆரத்தையோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், குறியை மட்டும் அழித்துச் சமாளிக்காதீர்கள்.

அரை நிமிடச் சோதனை ஒன்று: உங்கள் திடப்பொருளை அப்படியே உள்ளே வைக்கக்கூடிய ஓர் உருளையின் கனஅளவைப் போடுங்கள். விடை அதைவிடப் பெரிதாக வந்தால் எங்கோ தப்பு. இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. சிரட்டைக் கணக்கின் 385ஐ அது பிடிக்காமல் விட்டுவிடும், வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

11. மதிப்பெண் குறைந்தால் நகல் வாங்குவது

முடிவு வந்தபின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். பள்ளியில் படித்தவர்கள் படித்த பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். நான் கட்டியது பாடத்துக்கு 275 ரூபாய். நகலைப் பார்த்தபின் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம், கணிதத்துக்கு மறுகூட்டல் 205, மறுமதிப்பீடு 505 என்று இருந்தது. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள தொகையைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முடிவு வருவது மே மாதத்தில், வீட்டில் காசு புழங்காத நேரத்தில். அந்த 275 ரூபாயை மார்ச்சிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நான் பெரியம்மாவிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன், அதுவும் கடைசி நாளில்.

நகல் கைக்கு வந்ததும் நேரே மறுமதிப்பீட்டுக்கு ஓடாதீர்கள். கணிதம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கணக்குக் கணக்காகப் பாருங்கள். எனக்குக் குறைந்தது என் தப்பால், 505 ரூபாய் கட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

பணம் கட்டியதும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். நகலை இணையதளத்தில் இறக்க அதிலுள்ள விண்ணப்ப எண் வேண்டும், அதனால் வாங்கிய உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை அப்பாவின் டீசல் கணக்கு நோட்டுக்குள் சொருகிவிட்டு, ஒரு பகல் முழுக்க வீட்டைப் புரட்டிப் போட்டேன்.